முட்டையின் கூரில் சேவல் தேடுவோர்

‘கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்’ என்பது யாழ்ப்பாணத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு முதுமொழி. கோறணமேந்து என்றால் அரசாங்கம். அரச உத்தியோகத்தின்மீது எம்மவர் கொண்ட மோகத்தைக் கேலிசெய்ய இதனை எடுத்தாளாத பேச்சாளர் இல்லை. ஆனால் இம்மொழிக்குள் இன்னுமோர் இழிவு மறைந்திருப்பதை எவரும் சுட்டிக்காட்டக் காணோம். தொழில்களுள் ஆகக் கீழானது, அறிவே தேவைப்படாதது, கோழி மேய்ப்பது என்ற தீர்ப்பே அது. அந்தத் தீர்ப்பு இன்றுவரை மாறவில்லை. மாறியிருந்தால், கோழி வளர்ப்பைப் பற்றித் தமிழில் இன்று சொல்லப்படும் பேதைமைகளிற் பாதியைச் சொல்ல எவருக்கும் துணிவு வந்திராது.

கூரான முட்டையிலிருந்து சேவலும் உருண்டை முட்டையிலிருந்து பேடும் பொரிக்கும் என்பது அவற்றுள் ஒன்று. மோதிரத்தை நூலிற் கட்டி முட்டைக்கு மேலே தொங்கவிட்டால், வட்டமிட்டால் பேடு, நேர்கோட்டில் ஆடினால் சேவல் என்பது இரண்டாவது. குஞ்சைக் காலிற் பிடித்துத் தலைகீழாகத் தூக்கும்போது தலையை நிமிர்த்துவது சேவல், தொங்கவிடுவது பேடு என்பது மூன்றாவது. செய்தித்தாள்களின் விவசாயப் பக்கங்களில் துணுக்குகளாக வந்தவை பின்னர் வானொலியில் ஒலித்தன; இன்று யூடியூப் காணொளிகளாகவும் வட்ஸ்அப் செய்திகளாகவும் ரொறன்ரோவிலிருந்து கிளிநொச்சி வரை ஓடித் திரிகின்றன. போதாக்குறைக்கு, ‘எம் முன்னோரின் மறைந்துபோன அறிவியல்’ என்ற முத்திரையும் இவற்றின்மீது குத்தப்பட்டுவிட்டது.

இவை வெறும் வேடிக்கைகளாயின் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இவற்றை நம்புவோரின் கையிலிருந்து காசு போகிறது. போர் முடிந்த 2009ஆம் ஆண்டுக்குப் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் ‘வாழ்வாதாரம்’ என்ற சொல்லைக் கேட்டவுடனேயே கோழிக்குஞ்சுப் பெட்டி நினைவுக்கு வருமளவுக்குக் குஞ்சுகள் வழங்கப்பட்டன. அவற்றைப் பெற்றவர்களிற் பலர், குடும்பச் சுமையைத் தனித்துத் தாங்கிய பெண்கள். பெட்டியிலிருந்தவை எந்த இனம், அவற்றிற் பேடு எத்தனை, அவற்றிலிருந்து அடுத்த தலைமுறையை எடுக்கலாமா கூடாதா என்ற விபரங்கள் அவர்களுக்கு எப்போதும் சொல்லப்பட்டனவா? குஞ்சைக் கொடுத்தார்கள்; புகைப்படம் எடுத்தார்கள்; சென்றார்கள்.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொரித்த அன்றே குஞ்சின் பாலை அறிவது, முட்டைத் தொழிற்சாலைகளின் தேவை. எம் வளவுகளின் தேவையன்று. எம் வளவுகளின் தேவை, எந்தப் பேட்டையும் எந்தச் சேவலையும் இனவிருத்திக்கு வைத்துக்கொள்வது என்ற தெரிவு. முன்னதைப் பற்றிப் பொய்களும், பின்னதைப் பற்றி மௌனமுமே எமக்குப் பரிமாறப்படுகின்றன.

முதலிற் பொய்களை எடுத்துக்கொள்வோம்.

கூர்முட்டைக் கதை எம் முன்னோருக்கே உரித்தானதும் அன்று. கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில், நீண்டு கூரான முட்டையிலிருந்து பெண்குஞ்சும் உருண்டையிலிருந்து ஆண்குஞ்சும் வரும் என எழுதிவைத்தார். உரோமானிய விவசாய நூலாசிரியர் கொலுமெல்லாவோ, சேவல் வேண்டுமாயின் நீண்டு கூரான முட்டைகளை அடைவையுங்கள் என்று நேர்மாறாக எழுதினார். இருவரும் பெரியோர், இருவரும் உறுதியாகச் சொன்னார்கள், ஒருவர் சொன்னது மற்றவர் சொன்னதற்கு எதிர். இத்தனை நூற்றாண்டுகளாக இக்கதை தலைகீழாகப் புரண்டு புரண்டு வந்திருப்பதே, அதில் உண்மை இல்லை என்பதற்குப் போதிய சாட்சி.

உண்மை வேறு. மனிதரில், பிறக்கும் பிள்ளை ஆணா பெண்ணா என்பது தந்தையிடமிருந்து வரும் நிறமூர்த்தத்தை (குரோமோசோம்) பொறுத்தது. கோழியில் இது எதிர்மாறு. சேவலிடம் இசட், இசட் என ஒரே வகை நிறமூர்த்தங்கள் இரண்டு உள்ளன. பேட்டிடம் இசட் ஒன்றும் டபிள்யூ ஒன்றும் உள்ளன. தாய் இசட்டைக் கொடுத்தால் சேவல். டபிள்யூவைக் கொடுத்தால் பேடு. ஆண்பிள்ளை பெறவில்லை என்று மனைவியைப் பழித்த சமூகம், மனிதரில் தந்தையிடமும் கோழியில் தாயிடமும் இப்பொறுப்பு இருக்கிறது என்பதை இரண்டு வகையிலும் தவறவிட்டிருக்கிறது.

தாய் எதனைக் கொடுப்பாள் என்பது, கரு சூலகத்தை விட்டு வெளியேறுவதற்குச் சற்று முன்னரே முடிவாகிவிடுகிறது. மஞ்சட்கரு இறங்கி, வெண்கரு சூழ்ந்து, அதன்பின்னரே ஓடு படிகிறது. ஓடு படிவதற்கு மட்டும் ஏறத்தாழ 20 மணித்தியாலங்கள் செல்கின்றன. ஆக, ஓடு என்பது கடைசியிற் கட்டப்படும் வேலி. வேலியின் வளைவைப் பார்த்து, வீட்டுக்குள்ளே பிறந்திருப்பது ஆணா பெண்ணா என்று எவராவது சொல்ல முடியுமா? முட்டையின் வடிவம் அதனை இட்ட பேட்டின் உடலமைப்பைச் சார்ந்தது. எப்போதும் கூர்முட்டையே இடும் பேடுகள் உண்டு. அவை சேவற்குஞ்சுகளை மட்டுமா பெறுகின்றன? அடைகாக்கும் வெப்பநிலையால் பால் மாறும் என்போரும் உளர். முதலையிலும் பல ஆமை இனங்களிலும் அது நிகழ்கிறது, கோழி முதலையன்று.

‘ஆனால் நான் சோதித்துப் பார்த்தேன், சரியாக வந்ததே’ என்று சத்தியம் செய்வோருக்கும் ஒரு பதில் உண்டு. ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சமமாகவே பொரிக்கின்றன. எனவே கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலும் பாதி சரியாகவே வரும். 10 முட்டைகளில் 7 அல்லது அதற்கு மேற்பட்டவற்றைக் குருட்டுவாக்கிற் சரியாகச் சொல்லும் வாய்ப்பு, நூற்றுக்கு 17. அதாவது ஆறு பேர் முயன்றால் ஒருவர், எந்த அறிவும் இன்றியே, ‘பத்தில் ஏழு சரி’ என்று மார்தட்டலாம். அந்த ஒருவரே காணொளி வெளியிடுகிறார். மற்ற ஐவரும் வாய் திறப்பதில்லை. கூர்முட்டைக்காரர்கள் எவராயினும் 100 முட்டைகளில் இலக்கமிட்டு, சாட்சிகள் முன்னிலையில் முன்கூட்டியே எழுதிவைத்து, 70ஐச் சரியாகச் சொல்லட்டும். குருட்டுவாக்கில் அது நடவாத காரியம். அதுவரை அவர்களுக்கு மேடை கொடுப்பது ஊடக தர்மம் ஆகாது.

அப்படியாயின் பொரித்த அன்று பாலறிவது இயலாத காரியமா? இல்லை. அது ஓர் உண்மையான கலை, கடினமான கலை. 1920களில் ஜப்பானில் கியோஷி மசுயியும் அவருடைய சக ஆய்வாளரும், ஒருநாட் குஞ்சின் எச்சத்துவாரத்தை மெல்ல விரித்துப் பார்த்தால், சேவற்குஞ்சில் மிகச் சிறிய மணி போன்றதொரு முனைப்புத் தென்படும் என்பதை நிறுவினர். 1927இல் கனடாவின் ஒட்டாவாவில் நடைபெற்ற உலகக் கோழியின மாநாட்டில் இது உலகுக்கு அறிமுகமாயிற்று. கேட்க எளிது, செய்வது எளிதன்று. சில பேடுகளிலும் அத்தகைய முனைப்பு உண்டு. சில சேவல்களில் அது தெளிவற்றது. நல்ல வெளிச்சமும் பழகிய விரலும் மாதக்கணக்கான பயிற்சியும் வேண்டும். தேர்ந்தவர் மணிக்கு 1,000 குஞ்சுகள்வரை பார்த்து, நூற்றுக்கு 97, 98 என்ற அளவிற் சரியாகப் பிரிப்பர். பழகாதவர் முயன்றால் குஞ்சின் குடலே வெளியே வரும்.

இக்கலையைக் கற்ற ஜப்பானியரும் கொரியரும் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பொரிப்பகங்களில் அதனைப் பிழைப்பாகக் கொண்டனர். 2020இல் வெளியான ‘மினாரி’ திரைப்படத்தைப் பார்த்த வாசகர்களுக்கு இது புதிதன்று. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்திற் குடியேறிய கொரியக் கணவனும் மனைவியும் அதிற் குஞ்சுப் பால் பிரிப்பவர்கள். பொரிப்பகத்தின் புகைபோக்கியிலிருந்து எழும் கரும்புகை என்னவென்று கேட்கும் சிறுவனுக்குத் தந்தை சொல்லும் பதில், எரிக்கப்படுபவை பயனற்ற ஆண்குஞ்சுகள், ஆகவே நாமும் பயனுள்ளவர்களாயிருக்க வேண்டும் என்பதாக அமையும். புலம்பெயர்ந்தவன் நெஞ்சைச் சுடும் காட்சி அது. பாலறிதல் என்ற கலை எதற்காகத் தோன்றியது என்பதையும் அது சொல்லிவிடுகிறது.

விரலுக்கு மாற்றாக மரபியலைப் பயன்படுத்தியவர், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரெஜினோல்ட் பனெட். மாணவர்கள் உயிரியற் பாடத்திற் கீறும் ‘பனெட் சதுரம்’ அவர் பெயராலேயே வழங்குகிறது. முதல் உலகப் போர்க்கால உணவுத் தட்டுப்பாட்டின் நடுவே, சேவற்குஞ்சுகளுக்குத் தீனி வீணாகாதிருக்க, இறகு நிறத்தைக் கொண்டு முதல்நாளே அவற்றைப் பிரித்தறியலாம் என்று அவர் வழிகாட்டினார். பொன்னிறப் பரம்பரையலகு கொண்ட சேவலை (உதாரணமாக றோட் ஐலன்ட் றெட்) வெள்ளிநிறப் பரம்பரையலகு கொண்ட பேட்டுடன் இணைத்தால், பெண்குஞ்சுகள் தந்தையைப் போலப் பொன்னிறமாகவும் ஆண்குஞ்சுகள் தாயைப் போல வெளிறியும் பொரிக்கும். இன்று உலகெங்கும் பழுப்பு முட்டையிடும் ஐஎஸ்ஏ பிறவுண், லோமன் பிறவுண், ஹைலைன் பிறவுண் ஆகியவற்றின் குஞ்சுகள் இவ்வாறே நிறத்தாற் பிரிக்கப்படுகின்றன. வெள்ளை இனங்களிற் சிறகின் நீளத்தாற் பிரிப்பதும் இதே தத்துவத்தைக் கொண்டதே. இறகு மெதுவாக முளைக்கும் தாயையும் விரைவாக முளைக்கும் தந்தையையும் இணைத்தால், பெண்குஞ்சுகளின் சிறகிறகு முதல்நாளே நீண்டிருக்கும். ஆண்குஞ்சுகளில் அது குட்டையாயிருக்கும்.

இங்கேதான் வாசகர்கள் விழிப்பாயிருக்க வேண்டும். இம்முறைகள் உண்மையானவை; ஆனால் அதற்கென்றே திட்டமிட்டு இணைக்கப்பட்ட பெற்றோரின் குஞ்சுகளில், ஒரேயொரு தலைமுறையில் மட்டுமே உண்மையானவை. அந்தக் குஞ்சுகளை வளர்த்து அவற்றுக்குள்ளேயே இனவிருத்தி செய்தால், அடுத்த தலைமுறையில் நிறம் பாலைச் சொல்லாது. எம் ஊர்க்கோழிகளிலோ எத்தனையோ இரத்தங்கள் கலந்துள்ளன. ஊர்க்கோழிக் குஞ்சின் சிறகை விரித்துக் காட்டி ‘நீளமானது பேடு’ என்று காணொளியில் முழங்குபவர், அக்குஞ்சுக்கு இறகு விரைவாக முளைக்கிறது என்பதை மட்டுமே கண்டிருக்கிறார். பொய்யைவிட ஆபத்தானது, இடம் மாறிய உண்மை.

இத்தனை முயற்சியும் எதற்காக? முட்டைக்கென உருவாக்கப்பட்ட இனத்தின் ஆண்குஞ்சு முட்டையும் இடாது, இறைச்சிக்கும் விரைவில் வளராது. தின்னும் தீனிக்குரிய இறைச்சியைத் தராத உயிரைத் தொழிற்சாலை வைத்துக்கொள்வதில்லை. உலகெங்கும் ஆண்டுதோறும் 600 முதல் 700 கோடிவரையான ஆண்குஞ்சுகள் பொரித்த அன்றே கரியமில வாயுவாலோ அரைக்கும் பொறியாலோ கொல்லப்படுவதாக மதிப்பிடப்படுகிறது. ஜேர்மனியில் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 கோடி 50 இலட்சம் குஞ்சுகள் இவ்வாறு அழிந்தன. பொருளாதார இலாபம் மட்டும் ஓர் உயிரைக் கொல்வதற்கு நியாயமான காரணம் ஆகாது என்ற அடிப்படையில் 2019 ஜூனில் அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் தீர்ப்பளித்து, மாற்று வழி வரும்வரை மட்டும் அவகாசம் கொடுத்தது. 2022 ஜனவரி 1 முதல் அங்கே அது சட்டத்தாற் தடைசெய்யப்பட்டது; பிரான்சும் தொடர்ந்தது. இன்று அந்நாடுகளில் முட்டை பொரிப்பதற்கு முன்னரே, ஒளிக்கதிராலோ முட்டைத் திரவத்தின் ஒரு துளியாலோ பாலறியும் பொறிகள் வந்துள்ளன. ஜேர்மனியில் வாழும் எம்மவர், குஞ்சுக்கொலை இல்லை என அச்சிட்ட முட்டைப் பெட்டிகளைக் கடைகளிற் காண்பர்.

ஒருநாட் பாலறிதல் என்பதன் முழு வரலாறும் இதுவே: ஆண்குஞ்சுக்கு மதிப்பில்லாத ஓர் இனத்தை மனிதன் உருவாக்கினான், பின்னர் அந்த மதிப்பற்றவனை முதல்நாளே அடையாளங்காணப் பல வழிகள் தேடினான்.

இனி எம் வளவுக்கு வருவோம். முற்றத்தில் மேயும் ஊர்க்கோழியின் ஆண்குஞ்சு மதிப்பற்றவனா? ஊர்க்கோழி இறைச்சிக்குப் பண்ணைக்கோழியைவிட விலை அதிகம். இளஞ்சேவலுக்கு எப்போதும் கேள்வி உண்டு. சேவற்குஞ்சும் செல்வமே. ஆறு முதல் எட்டு வாரங்களிற் கொண்டை சிவந்து வித்தியாசம் காட்டத் தொடங்கும்; மூன்று மாதத்திற் கழுத்திலும் இடுப்பிலும் கூரிய மினுங்கும் இறகுகள் வந்து ஐயத்தைத் தீர்த்துவிடும். அதுவரை இரண்டும் ஒன்றாகவே மேய்கின்றன. அப்படியிருக்க, முதல்நாளே தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்? கொல்லப் போவதில்லை, விற்கப் போவதில்லை, தாயிடமிருந்து பிரிக்கப் போவதுமில்லை. விடையால் எந்தப் பயனும் இல்லாத ஒரு கேள்வியைத் தொழிற்சாலையிடமிருந்து இரவல் வாங்கி, அதற்கு மோதிரத்தையும் நூலையும் கட்டிக்கொண்டு நிற்கிறோம்.

பயனுள்ள கேள்வி வேறு. நாளைய குஞ்சுகளுக்குத் தாயும் தந்தையும் யார்?

எம் வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். நத்தாருக்கோ தீபாவளிக்கோ வாங்க வருபவர் முற்றத்தில் நிற்கும் ஆகப் பெரிய சேவலை நோக்கிக் கையை நீட்டுகிறார். நல்ல விலை சொல்கிறார். கொடுத்துவிடுகிறோம். எவரும் விரும்பாத நோஞ்சான் சேவல் எஞ்சுகிறது; அடுத்த ஆண்டுக் குஞ்சுகள் அனைத்துக்கும் அதுவே தந்தை. நாம் இனத்தெரிவு செய்யவில்லை என்று எண்ணிக்கொள்கிறோம். செய்கிறோம், தலைகீழாகச் செய்கிறோம். பத்து ஆண்டுகள் இவ்வாறு செய்துவிட்டு, ‘ஊர்க்கோழி சிறுத்துப்போயிற்று, நோய் தாங்குதில்லை’ என்று கோழியைப் பழிக்கிறோம்.

இதிலும் பெரிய கேடு, அண்ணனும் தங்கையும் தந்தையும் மகளும் ஒரே வளவுக்குள் இணைசேர்வது. அமெரிக்க மரபியலாளர் சூவல் றைற் தந்த கணக்கு இதற்குண்டு. சேவல்களின் தொகையைப் பேடுகளின் தொகையாற் பெருக்கி, அதனை மேலும் 4ஆற் பெருக்கி, மொத்தத் தொகையால் வகுக்க வேண்டும். 1 சேவலும் 10 பேடுகளும் உள்ள வளவுக்கு விடை 3.6. முற்றத்தில் 11 கோழிகள் நின்றாலும், மரபியற் கணக்கில் அங்கே நிற்பவை நான்குகூட இல்லை. பேடுகளை 20 ஆக்கினால் விடை 3.8 மட்டுமே. மாறாக, 10 பேடுகளுக்குச் சேவல்களை 2 ஆக்கினால் விடை 6.7. தொழிற்சாலை குப்பையில் எறியும் அந்த ஆண்குஞ்சுதான் எம் மந்தையின் எதிர்காலத்தைச் சுமப்பவன் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? இக்கணக்கைப் புறக்கணித்த வளவுகளில் முதலிற் பொரிப்புக் குறையும். பின்னர் குஞ்சுகள் சாகும். பின்னர் முட்டையும் குறையும். செய்வினை என்பார்கள். செய்வினைதான், செய்தவர் நாமே.

முன்னோர் அறிவு என்று பேசுவோர்க்கு ஒன்று சொல்வேன். முன்னோருக்கு அறிவு இருந்தது. ஆனால் அது மோதிரத்தில் இருக்கவில்லை. ‘இந்தப் பேட்டின் குஞ்சு தப்பும்’, ‘அந்தச் சேவலின் வர்க்கம் நல்லது’ என்று பாட்டிமார் சொன்னதிலே இருந்தது. சண்டைச் சேவல் வளர்த்தோர் தாய்க்கோழியின் வழியைத் தலைமுறைக் கணக்காக மனத்தில் வைத்திருந்ததிலே இருந்தது. அந்த அறிவை இன்றைய சொல்லிற் கூறுவதானால் பின்வருமாறு கூறலாம்.

பேட்டைத் தெரியும்போது அழகைப் பாராதீர்கள்; கணக்கைப் பாருங்கள். அடைவைத்த 12 முட்டைகளில் எத்தனை பொரித்தன, பொரித்தவற்றிற் காகத்துக்கும் பருந்துக்கும் கீரிக்கும் தப்பி எத்தனை இரண்டு மாதத்தைக் கடந்தன என்று ஒரு பழைய கொப்பியில் எழுதிவையுங்கள். காலில் நிறநூலோ வளையமோ கட்டினால் எந்தக் கோழி எதுவென்று மயங்காது. முட்டையிடும் பேட்டைக் கையாலும் அறியலாம். எச்சத்துவாரத்தின் இருபுறமும் தட்டுப்படும் இடுப்பெலும்பு முனைகளுக்கிடையே இரண்டு, மூன்று விரல்கள் பிடித்தால் அது இடுகிறது; ஒரு விரலுக்கும் இடமில்லையாயின் இடவில்லை. மஞ்சட்கால் கொண்ட பேடு தொடர்ந்து முட்டையிட இட, எச்சத்துவாரம், அலகு, கால் என்ற வரிசையில் அதன் மஞ்சள் வெளிறிக்கொண்டு போகும். கால் வெளிறிய கோழியை நோயாளி என்று விற்றுவிடுபவர், தம் சிறந்த கோழியை விற்றவராவார். அந்த மஞ்சட்காலுக்கு இன்னுமொரு பெருமை உண்டு. உலகக் கோழிகளின் முதன்மை மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. ஆயினும் மஞ்சள் தோலுக்குரிய பரம்பரையலகு, பெரும்பாலும் இந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் வெளியான மரபணு ஆய்வு காட்டிற்று. ஐரோப்பியத் தொழிற்சாலைக் கோழியின் காலிலும் எம் அயற்காட்டின் நிறமே இருக்கிறது.

சேவலைத் தெரியும்போது அதன் தாயைத் தெரியுங்கள். கணக்கில் முதலிடம் பெற்ற பேடுகளின் மகன்களுள், ஒரே அடையிற் பொரித்தவற்றை மூன்று மாதத்தில் நிறுத்து, முன்னிற்பவற்றில் இரண்டை ஒதுக்கிவையுங்கள். நெஞ்செலும்பு நேராகவும் விரல்கள் வளையாமலும் கண் ஒளியோடும் இருக்கட்டும். எட்டு முதல் பத்துப் பேடுகளுக்கு ஒரு சேவல் போதும். எவ்வளவு விலை சொன்னாலும் அவ்விரண்டையும் விற்காதீர்கள். ஆனால் அவற்றை உங்கள் வளவிலேயே விடாதீர்கள். முதல் வீட்டுச் சேவல் இரண்டாம் வீட்டுக்கும், இரண்டாம் வீட்டுச் சேவல் மூன்றாம் வீட்டுக்கும், கடைசி வீட்டுச் சேவல் முதல் வீட்டுக்குமாக ஆண்டுக்கொரு முறை ஒரே திசையிற் சுற்றிவரட்டும். பத்து வீடுகள் சேர்ந்தால் போதும். ஒரு சதமும் செலவில்லை.

‘நவீன இனங்கள் ஆண்டுக்கு 300 முட்டைக்கு மேல் இடுகின்றனவே, ஊர்க்கோழியைக் கட்டிக்கொண்டு அழச் சொல்கிறீரா?’ என்று கேட்பர். நியாயமான கேள்வி. கூடும் தீனியும் தடுப்பூசியும் சந்தையும் உள்ளவர் அவற்றைத் தொழிலாக வளர்க்கட்டும். பிரித்தறியப்பட்ட பேட்டுக்குஞ்சுக்குரிய விலையைக் கொடுத்து வாங்கட்டும். அதற்கு நான் எதிரியல்லன். ஆனால் கணக்கை மறைக்க வேண்டாம். அந்தக் கோழி நாளொன்றுக்கு ஏறத்தாழ 110 கிராம் தீனி தின்னும்; ஆண்டுக்கு 40 கிலோ. ஓராண்டு சொச்சம் முட்டையிட்டபின் அதனை மாற்ற வேண்டும். அதிலிருந்து அதைப்போன்ற கோழியை வீட்டிற் பெற முடியாது. ஏனெனில் அது பல தனித்தனி வழிகளை இணைத்து எடுத்த கடைசித் தலைமுறை. அந்த மூல வழிகள் உலகிற் சில குழுமங்களிடமே உள்ளன. முட்டைக்கோழி இனங்களின் மிகப்பெரும் பகுதி ஈ.டபிள்யூ குழுமம், ஹென்ட்ரிக்ஸ் ஜெனடிக்ஸ் என்ற இரண்டிடம் இருக்கிறது. தீனிக்கு வழியில்லாத வீட்டுக்கு அத்தகைய குஞ்சை இலவசமாகக் கொடுப்பது உதவியன்று. அது தீனிக்கடைக்கு எழுதிக் கொடுக்கப்படும் கடன்சீட்டு.

இந்தத் தங்கிநிற்றலின் விலையை இலங்கை அண்மையிற் கண்டது. 2021இல் இரசாயன உரத் தடையால் சோளம் விழுந்தது, 2022இல் அந்நியச் செலாவணி வற்றியது, தீனி விலை எகிறியது, பண்ணைகள் மூடப்பட்டன. காட்டுக்கோழியைத் தேசியப் பறவையாகக் கொண்ட நாடு, 2023இல் இந்தியாவிலிருந்து முட்டையை இறக்குமதி செய்தது. அந்நாட்களில் குப்பையைக் கிளறித் தன் வயிற்றைத் தானே பார்த்துக்கொண்ட கோழி எது என்பதை எவரும் எண்ணிப் பார்த்தனரா?

ஆகவே சில கோரிக்கைகளை முன்வைக்கிறேன். குஞ்சு வழங்கும் திட்டங்கள், ஒவ்வொரு பெட்டியுடனும் இனம், வயது, போட்ட தடுப்பூசி, பேடுகளின் வீதம், அடுத்த தலைமுறை எடுக்கலாமா என்ற ஐந்து விபரங்களையும் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் களப்பணிகளில், ஊர்க்கோழித் தெரிவுக்கும் சேவல் பரிமாற்றத்துக்கும் இடம் ஒதுக்கப்பட வேண்டும். ஊடகங்கள், கூர்முட்டைத் துணுக்குகளை வெளியிடுமுன் ஒரு கால்நடை வைத்தியரிடம் ஒரேயொரு தொலைபேசி அழைப்பையாவது எடுக்க வேண்டும்.

கடைசியாக, புலம்பெயர் நாடுகளிலிருந்து ஊருக்குக் ‘கோழி வாங்க’ப் பணம் அனுப்பும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பணம் வியர்வை. அதனை அனுப்புமுன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இக்கோழிகளுக்கு மூன்று மாதங்களின் பின்னர் தீனி எங்கிருந்து வரும்? மூன்று ஆண்டுகளின் பின்னர் அந்த முற்றத்திற் குஞ்சு பொரிக்குமா? விடை தெரியாதவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்தில் நூறு குஞ்சு வாங்குவதைவிட, ஒரு கிராமத்தின் பத்துப் பெண்களை ஒருநாள் கூட்டி, நல்ல பேட்டைக் கையாற் பார்த்தறியவும் சேவலை வீட்டுக்கு வீடு மாற்றிக்கொள்ளவும் சொல்லிக்கொடுப்பது மேல். குஞ்சைப் பருந்து தூக்கிச் செல்லலாம். அந்த அறிவை எந்தப் பருந்தாலும் தூக்கிச் செல்ல முடியாது.